படம் எப்படிண்ணே இருக்கு?

சென்னையில் ஒரு படம் தேறுமா தேறாதா என்பது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களான பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தெரிய இன்னும் மூன்று நாலு நாள் பிடிக்கும். போன் இல்லாத வீடு கிடையாது, யூடியூப் விமர்சனங்களும் வந்து குவிகின்றன. ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு இங்கே குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் குறைவு. தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு வந்து வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் எந்தக் கிழமை பார்ப்பார், யாரிடம் என்ன சொல்வார், அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சினிமாவைவிடக் கடலுக்கும் பஸ் கட்டணத்துக்கும் பங்கு அதிகம்.

முதலில் கிழமைக் கணக்கு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை. பொதுவாகத் திங்கள், புதன், சனி மூன்று நாளும் விசைப்படகுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற படகு மறுநாள் காலையில் கரை சேரும். மீனைப் பிரித்து, விற்று, டீசல் செலவு கழித்து, பங்கு கைக்கு வர மதியம் ஆகிவிடும். இப்போது கூட்டிப் பாருங்கள். புதன் போனவர் வியாழன் திரும்புகிறார். கையில் காசு இருக்கிறது. வெள்ளி முழுக்க ஓய்வு. சனி விடிந்தால் மறுபடி கடல். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. ஊர் உலகமெல்லாம் சனி, ஞாயிறு என்று தியேட்டரை நிரப்பும்போது விசைப்படகுத் தொழிலாளிக்குத் தோதான நாள் அந்த முதல் நாள் ஒன்றுதான். ஞாயிறு காலை கரை சேர்ந்தால் தூக்கம், கோவில், உறவு வீடு என்று போய்விடும். திங்கள் மறுபடி டோக்கன்.

அதனால் ஒரு படகில் ஆறு பேர் இருந்தால், அதில் கல்யாணமாகாத பையன்கள் ஒருவரோ இருவரோ வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். சனிக்கிழமை இரவு வலையை இறக்கிவிட்டு இழுத்துக்கொண்டே போகும்போது மணிக்கணக்கில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்போதுதான் படம் மறுபடி ஓடும். கதை, சண்டை, இன்டர்வல், கிளைமாக்ஸ் எதையும் மறைப்பதில்லை. சஸ்பென்ஸை உடைக்காதே என்று நகரத்து ரசிகர்கள் சண்டை போடுவார்களே, அந்த வழக்கம் இந்தப் படகில் செல்லாது. முழுக்கதையும் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கதை சொல்கிறவன் நன்றாகச் சொன்னால் சுமாரான படமும் தேறிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு காலை படகு கரைக்கு வரும்போது பார்த்தவன் ஒருவன், அபிப்பிராயம் ஆறு. பார்க்காத ஐந்து பேரும் "ரெண்டாம் பாதி இழுவையாமே" என்று ஆளுக்கொரு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதற்காக வந்த தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 ஆயிற்று. தமிழ்ப் புத்தாண்டுக்குப் படம் வருவது ஏப்ரல் 14. மறுநாள் தடை தொடங்குகிறது. கோடை விடுமுறைக்கென்று தயாரிப்பாளர்கள் ஒதுக்கி வைக்கும் பெரிய படங்கள் எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வரும். ஆக, வருஷத்திலேயே அதிகப் படம் வரும் காலமும் இந்தக் கரையில் அதிக ஆண்கள் வீட்டில் இருக்கும் காலமும் ஒன்றாக விழுகின்றன. தியேட்டர்காரர்களுக்கு யோகம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்க வேண்டும், வர்ணம் அடிக்க வேண்டும், ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும். நேரம் நிறைய, காசு குறைவு. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்து, சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும் வாரங்களிலும் இதே கதைதான்.

அதனால் தடைக்காலத்தில் சினிமாப் பேச்சு கூடுகிறது, படம் பார்ப்பது அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஒரே ஒரு படத்துக்குத்தான் குடும்பத்தோடு போக முடியும் என்றால் எந்தப் படம் என்று நாலு நாள் விசாரணை நடக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பிள்ளைகளோடு நாலைந்து பேர் போய்வர பஸ் அல்லது ஷேர் வண்டி, டிக்கெட், இடைவேளை பாப்கார்ன், திரும்பும்போது பரோட்டா. டிக்கெட் விலை இந்தச் செலவில் ஒரு பகுதிதான். இவ்வளவையும் போட்டுவிட்டுப் படம் மொக்கை என்றால் அன்றைய ராத்திரி வீட்டில் பேச்சு வார்த்தை இருக்காது. சென்னையில் மெட்ரோ ஏறி இறங்கிப் படம் பார்க்கிறவர் போகிறபோக்கில் ஒரு கருத்தை வீசிவிடலாம். இங்கே கருத்துச் சொல்கிறவருக்குப் பொறுப்பு உண்டு. தப்பாகச் சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில் கேட்டுவிடுவார்கள்.

பாம்பனில் வலை பின்னும் இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்டால் ஒன்று புரியும். நைலான் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஊசியை ஓட்டும் நடுவயதுக்காரர் ஒருவர், முதல் நாள் படம் பார்த்துவிட்டு வந்தவர் என்று வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கிழிசல் தேடும் பையன் கேட்கிறான்: "படம் எப்புடிண்ணே?" அவர் தலையைத் தூக்காமல், "நீ போ. சண்டையெல்லாம் நல்லாருக்கு" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய மச்சான் வந்து அதையே கேட்கிறார். "தங்கச்சியக் கூட்டிட்டுப் போறியா? வேணாம் மாப்ள. தலை வலிக்கும். ஒரு மாசம் பொறு, போன்ல வரும்." அதற்கப்புறம் பாட்டையா ஒருவர் கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு ஆகாது" என்று ஒரே வரி. படம் ஒன்று, பார்த்தவர் ஒருவர், பதில் மூன்று. மூன்றுமே உண்மை. அவர் படத்துக்கு மார்க் போடவில்லை. கேட்கிறவரின் வயசு, கூட வருகிற ஆள், கையில் இருக்கிற காசு மூன்றையும் பார்த்து ஆலோசனை சொல்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் என்று போடும் விமர்சனம் இங்கே எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மூன்றரை யாருக்கு? முகம் தெரியாத எல்லாருக்கும். தணிக்கைச் சான்றிதழும் அப்படித்தான். 2024 விதிகளின்படி யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயசு வாரியாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கச்சிமடத்தில் ஒரு அம்மா போஸ்டரின் மூலையில் அந்த எண்ணைத் தேடி நான் பார்த்ததில்லை. "பிள்ளைகளோட உக்காந்து பாக்கலாமா அக்கா?" என்று ஏற்கெனவே பார்த்த இன்னொரு அம்மாவைக் கேட்பார். ரத்தம் அதிகமா, முத்தக்காட்சி உண்டா, அழ வைக்குமா என்று மூன்றே கேள்வியில் விஷயம் முடிந்துவிடும். பெண்கள் சொல்லும் அபிப்பிராயத்தில் நடிகர் பெயர் அதிகம் வராது, அம்மாவாக நடித்தவர் எப்படி என்பது கட்டாயம் வரும்.

கீழக்கரைக்கு வந்தால் கணக்கே வேறு. அங்கே வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருப்பார் என்று சொல்லும் அளவுக்குத் துபாய், அபுதாபி, சவூதித் தொடர்பு. வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்ததால் துபாய், அபுதாபியில் புதுப் படங்கள் வியாழக்கிழமையே வருவது பல வருஷ வழக்கம். ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றிய பிறகும் பல படங்கள் வியாழன் வருவது நிற்கவில்லை. ஆக, துபாயில் வேலை பார்க்கும் காக்கா (கீழக்கரையில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) வியாழன் ராத்திரி படம் பார்த்துவிட்டு அனுப்பும் வாய்ஸ் மெசேஜை, கீழக்கரையில் தம்பிமார் வெள்ளி காலை பல் துலக்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு நிமிஷப் பேச்சில் ஊர்க்காரக் கேலி எல்லாம் இருக்கும். அதே சமயம் அதில் ஒரு கோணலும் உண்டு. வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்கு ஊர் முகம், ஊர்ப் பேச்சு, மழை, கல்யாண வீடு இதெல்லாம் திரையில் வந்தாலே படம் பிடித்துவிடும். அவர் "அருமை" என்று சொன்ன குடும்பப் படத்தை இங்கே உள்ளவர் போய்ப் பார்த்துவிட்டு, "இதுல என்னா இருக்குண்டு காக்கா அழுதுச்சு?" என்று கேட்பதுண்டு. கீழக்கரைக்காரர்கள் இதற்குக் கழிவு போட்டுக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

கேரளத்திலிருந்தும் சேதி முந்தி வரும். 2023 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பட வெளியீட்டுக் கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இறுகிவிட்டது. அந்த வருஷம் அக்டோபர் 19-இல் 'லியோ' வந்தபோது கேரளத்தில் காலை 4 மணிக்கே காட்சி, இங்கே 9 மணிக்கு. தமிழ்ப் படத்தைத் தமிழ்நாட்டுக்கு முன்னால் பாலக்காடு பார்த்து முடித்துவிட்டது. அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம் ஆட்கள் விடிவதற்குள் ஸ்டேட்டஸ் போட்டுவிட, இங்கே முதல் காட்சிக்குப் போகிறவன் ஏற்கெனவே ஒரு அபிப்பிராயத்தோடுதான் போனான்.

இனி இந்தக் கரைக்கே உரிய விஷயம். கடலைப் பற்றிய படம் என்றால் இங்கே வேறு பரீட்சை நடக்கும். நடிப்பு, பாட்டு எல்லாம் பிறகு, முதலில் காற்று. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். வடகடல் ஆழம் குறைவு, பொதுவாக அடங்கிக் கிடக்கும், தென்கடல் சீறும். தனுஷ்கோடியில் நின்றால் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் அலை. பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வது இதை வைத்துத்தான். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வீசும் மாதங்களில் வடகடல் புரளும். இது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனவே ஒரு காட்சியில் அலை எந்தப் பக்கம், அடுத்த காட்சியில் எந்தப் பக்கம் என்று மாறினால் தியேட்டரில் உடனே ஒரு குரல் வரும். நாள் முழுக்கக் கடலில் கிடந்த கதாநாயகனின் கைலி மொடமொடப்பாக இருந்தால் வரும். வலை புது மஞ்சளாக மின்னினால் வரும். ஒரே வீச்சில் வலை நிறைய வஞ்சிரம் விழுந்தால் சிரிப்பு அடங்க நேரமாகும்.

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைக் காட்டி அதையொட்டி ஒரு மீனவ கிராமம் வாழ்கிற மாதிரி எடுப்பது அவர்களுக்கு இன்னொரு எரிச்சல். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் அது. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று கேமராவோடு வருகிறவர்களுக்கு அது பின்னணி. தாத்தா பாட்டியை அந்தப் புயலில் இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கின்றன. பேச்சு வழக்கிலும் இதே குறை சொல்வார்கள். கடற்கரை என்றாலே தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பேச்சைக் கொடுத்துவிடுவது சினிமாவில் ஒரு பழக்கமாகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாடு போன்ற இடங்களில் எடுத்த படங்கள் பேர் வாங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாம்பன்காரர் காதுக்கு அது பக்கத்து வீட்டுப் பேச்சு.

இந்தப் பரீட்சையிலிருந்து விலக்குப் பெற்ற ஒரே ஆள் எம்.ஜி.ஆர். 'படகோட்டி' 1964 தீபாவளிக்கு வந்தது, 'மீனவ நண்பன்' 1977-இல். இந்தப் படங்களில் அவர் துடுப்புப் பிடித்த லட்சணத்தைப் பற்றி இங்கே எந்தப் பெரியவரிடமும் கேட்டுவிடாதீர்கள். "வாத்தியார் பிடிச்சா அதுதான்ப்பா துடுப்பு" என்பார். மீனவனைக் கதாநாயகனாக்கி, தரகனை எதிர்த்துப் பேச வைத்ததற்கு முன்னால் மற்றதெல்லாம் அவர்களுக்குச் சின்ன விஷயம். நியாயமான தீர்ப்பு என்றே எனக்கும் தோன்றுகிறது.

அகதிகளைப் பற்றிய படங்களில் இந்த உள்ளூர் அறிவு இன்னும் கூர்மையாக வெளிப்படும். மண்டபம் முகாம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்தி வைத்துச் சோதித்த இடம், 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் இடமாயிற்று. முகாம் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள் இங்கே ஏராளம். பெரியவர்களுக்கு இலங்கை வானொலியின் பழக்கமும் உண்டு. புதுப் படத்தின் பாட்டும் விளம்பரமும் மதுரைக்கு முன்பே கொழும்பிலிருந்து காதுக்கு வந்த காலம் அது. அதனால் யாழ்ப்பாணத் தமிழ் திரையில் கொஞ்சம் பிசகினாலும் பிடித்துவிடுவார்கள். 2002-இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோது ராமேஸ்வரம் முகாமில் பிறந்த குழந்தையின் கதை என்பதே இங்கே தனிப் பேச்சாக இருந்திருக்கும்.

2025 மே 1-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இதற்கு நல்ல உதாரணம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் நொடித்த ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் கரையில் இறங்கி, சென்னைக்குப் போய், யாரென்று சொல்லாமல் வாழ்கிற கதை. சசிகுமார், சிம்ரன் நடித்தது. அதே நாளில் சூர்யாவின் 'ரெட்ரோ'வும் வந்தது. முதல் நாள் கூட்டம் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சின்னப் படம் வாய்வழியாகவே ஏறி நின்றது, மாநிலம் முழுக்கவும்தான். இந்தக் கரையில் அது தடைக்காலத்தின் நடுவில் வந்தது கூடுதல் வசதி. பேசுவதற்கு ஆளும் நேரமும் இருந்தன.

அந்தப் படத்தைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும் ஒரு விஷயம் இடறும். நிஜத்தில் அப்படிச் சென்னைக்குப் போய்விட முடியாது. 2022 மார்ச்சிலிருந்து வந்தவர்களைப் பெரும்பாலும் தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம், சில சமயம் கடலுக்குள் இருக்கும் மணல் தீடைகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு தீடையில் தண்ணீர் இல்லாமல் காத்துக் கிடந்தவர்களும் உண்டு. கடலோரக் காவல் போலீஸ் அழைத்துப் போய் விசாரித்து, மண்டபம் முகாமில் சேர்ப்பார்கள். படத்தில் ஒரு போலீஸ்காரர் மனம் இரங்கி விட்டுவிடுகிறார். "அப்படி விடுவாங்களா?" என்று கேட்கிறவரே அடுத்த வாக்கியத்தில், "ஆனா படம் நல்லாருக்கு, கூட்டிட்டுப் போ" என்பார். இதில் முரண் ஒன்றும் இல்லை. வந்து இறங்கியவர்களுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்த கைகள் இந்தக் கரையில் உண்டு. அவர்களைத் திரையில் யாரோ மரியாதையாக நடத்தினால், நடைமுறை தப்பு என்பதைக் கவனித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறார்கள். நகரத்து விமர்சனங்களில் லாஜிக் ஓட்டை என்று ஒரு வரியில் போகிற விஷயத்துக்கு இங்கே இவ்வளவு பின்கதை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், யூடியூப் விமர்சகர்களால்தான் படம் விழுகிறது என்ற தயாரிப்பாளர் தரப்பு வாதம் இந்தக் கரைக்குப் பாதிதான் பொருந்தும். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது சத்தம் அதிகம் என்ற பேச்சு முதல் காட்சியிலிருந்தே கிளம்பியது. தயாரிப்பாளரே ஒலி அளவைக் குறைக்கச் சொல்லும்படி ஆயிற்று. அதையொட்டித் தியேட்டர் வளாகத்தில் பேட்டி எடுக்க விடக் கூடாது என்று கோரிக்கை வைத்தார்கள், முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு நீதிமன்றமும் போனார்கள். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. தடை கிடைத்திருந்தாலும் சனிக்கிழமை ராத்திரி பாக் நீரிணையில் வலை இழுக்கும் படகுக்குள் அதை யார் போய் அமல்படுத்துவது? சத்தம் அதிகம் என்பதை எந்தச் சேனலும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. நாள் பூராவும் இன்ஜின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவன் தியேட்டருக்குப் போவது இன்னொரு இன்ஜினைக் கேட்க அல்ல.

விமர்சகர்களைவிட இங்கே படத்தைப் பாதிப்பது அந்த ஒரு மாசம். தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. எட்டு வாரம் வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 55 கிலோமீட்டர் போய்வரும் செலவையும் நாலு வாரக் காத்திருப்பையும் தட்டில் வைத்துப் பார்த்தால், நடுத்தரப் படம் எதற்கும் காத்திருப்புதான் ஜெயிக்கும். கரையில் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, கடலில் சிக்னல் போன பிறகு படகின் முன்பக்கமான அணியத்தில் சாய்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. டெலிகிராமில் மூன்றாம் நாளே எடுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு, திருட்டுத்தனம்தான், சந்தேகமில்லை.

பார்த்த இடம் மாறினால் பேச்சும் மாறுகிறது. குடும்பத்தோடு செலவழித்துப் போனவர் படம் சுமாராக இருந்தாலும், "ஒரு தரம் பாக்கலாம்" என்பதற்குக் கீழே இறங்க மாட்டார். இறங்கினால் வீட்டில் முடிவெடுத்தது யார் என்ற கேள்வி வரும். முதல் நாள் போன ரசிகன் நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டான். போனில், அரைத்தூக்கத்தில், பாதிப் பாதியாகப் பார்த்தவன்தான் பத்தாவது நிமிஷமே "இழுவை" என்று எழுதித்தள்ளிவிடுவான். வலை பின்னும் இடத்தில் அனுபவப்பட்டவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். யாராவது வந்து ஒரு படத்தைக் கண்டபடி திட்டத் தொடங்கினால், படம் எப்படி என்று மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். "எதுல பார்த்தே?" என்றுதான் கேட்பார்கள். போனில் என்று பதில் வந்தால், "சரி சரி" என்று ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிடுவார்கள்.